மூட்டுக்கு ஒரு காவல் ஊசி உண்டா?

(திருகோணமலைச் சுற்றுலாவின்போது தோட்டக் குடும்பங்கள் மத்தியில் ஆற்றிய உரை)



இரவு முழுவதும் பஸ்ஸில் வந்து, விடிய முன்னர் கோணேசர் கோயிலைக் கும்பிட்டு, பிறகு கன்னியாவுக்குப் போய் ஏழு கிணற்றிலும் தண்ணீர் அள்ளி ஊற்றிவிட்டு, இப்போது இந்தத் துறைமுகக் கரையில் வந்து அமர்ந்திருக்கிறோம். களைப்பாகத்தான் இருக்கும். ஆனாலும் சாப்பாடு வருவதற்குள் ஒரு விசயத்தைப் பேசி முடித்துவிட வேண்டும் என்று நாங்கள் நினைத்துக்கொண்டு வந்தோம். நீண்ட நேரம் எடுக்கமாட்டோம்.

கன்னியாக் கிணற்றடியில் நாங்கள் ஒன்றைக் கவனித்தோம். தலையில் ஊற்றியவர்களை விட முழங்காலில் ஊற்றியவர்கள்தான் அதிகம். ஒரு வாளி தலைக்கு, நாலு வாளி முழங்காலுக்கு. அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. முப்பது, முப்பத்தைந்து வருசம் கூடையைச் சுமந்துகொண்டு சரிவு மலையில் ஏறி இறங்கிய கால்கள் அவை. மலை ஏறும்போது மூச்சு வாங்கும், இறங்கும்போது முழங்கால் வாங்கும் என்று நம் பெண்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறோம். அது உண்மைதான். இறங்கும்போதுதான் உடம்பின் பாரமும் கூடையின் பாரமும் சேர்ந்து முழங்கால் சிரட்டையில் விழுகிறது.

நம் முன்வரிசையில் ஒரு பெரியம்மா இருக்கிறார். பெயர் சொல்ல வேண்டாம், கதையைச் சொல்லுங்க, நாலு பேருக்குப் புத்தி வரட்டும் என்று சொல்லி அனுமதி தந்திருக்கிறார். அவர் எங்களிடம் கேட்ட ஒரு கேள்விதான் இன்றைய பேச்சு.

பெரியம்மாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்து போனது. வலது கால் மோசம். பிள்ளைகள் சேர்ந்து பணம் திரட்டி, வலது முழங்காலுக்குச் செயற்கை மூட்டு வைத்தார்கள. ஒப்பரேஷன் நன்றாகத்தான் நடந்தது. நாலாம் நாள் நடந்தார். வீட்டுக்கு வந்தார். லயத்தில் எல்லோரும் போய்ப் பார்த்தோம். பன்னிரண்டாம் நாள் தையல் போட்ட இடத்தில் ஓர் ஓரமாகத் தண்ணீர் போலக் கசிந்தது. பெரியம்மா பழைய சீலைத் துணியைக் கிழித்துக் கட்டிக்கொண்டு எங்களிடம் ஆள் அனுப்பினார். நாங்கள் என்ன சொன்னோம் தெரியுமா? "ஒப்பரேஷன் புண்ணில கொஞ்சம் தண்ணி கசியும்தான், கிளினிக் தேதி வரைக்கும் பாருங்க" என்று சொன்னோம். கிளினிக் தேதிக்கு இன்னும் இருபத்திரண்டு நாள் இருந்தது. பக்கத்து வீட்டுத் தம்பி நல்ல மனதோடு கடையில் கெப்சியூல் வாங்கிக் கொடுத்தான். கசிவு கொஞ்சம் நின்றது, மறுபடியும் வந்தது.

கிளினிக் போன அன்று பெரியம்மாவைத் திருப்பி அனுப்பவில்லை. வார்ட்டில் வைத்தார்கள். மூட்டுக்குள் கிருமி போய்க் குடியிருந்தது. வைத்த மூட்டை எடுத்துவிட்டு, மருந்து கலந்த சீமெந்துத் துண்டை இடையில் வைத்து, வாரக் கணக்கில் ஊசி மருந்து ஏற்றி, பல மாதம் கழித்து மறுபடியும் புதிய மூட்டு வைத்தார்கள். இன்று பெரியம்மா நடக்கிறார். ஆனால் அந்தக் கால் முழுதாக மடங்காது. பஸ்ஸில் காலை நீட்டிக்கொண்டுதான் வந்தார்.

அந்த இருபத்திரண்டு நாளில் எங்கள் பங்கும் உண்டு. தெரியாமல் சொன்னதுதான். ஆனாலும் நலன்புரி உத்தியோகம் பார்க்கிறவர்கள் தெரியாததைத் தெரிந்தது போலச் சொல்லக்கூடாது. அதை இங்கே எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொள்கிறோம்.

பிறகு ஒரு நாள் பெரியம்மா கேட்டார்: "பாம்பு கடிச்சா ஊசி இருக்கு, விசர்நாய் கடிச்சா ஊசி இருக்கு, துருப்பிடிச்ச ஆணி குத்துனா ஏற்பூசி இருக்கு. இவ்வளவு செலவழிச்சு வைக்கிற மூட்டுக்கு ஒரு காவல் ஊசி ஏன் இல்ல?"

எங்களுக்குப் பதில் தெரியவில்லை. வைத்தியர்களிடம் கேட்டோம், கிடைத்ததை வாசித்தோம். விளங்கியதைச் சொல்கிறோம்.

மூட்டும் கிருமியும்

செயற்கை மூட்டு என்பது உலோகமும் ஒரு வகை உறுதியான பிளாஸ்டிக்கும் சேர்ந்தது. இங்கிலாந்தில் ரைட்டிங்டன் வைத்தியசாலையில் ஜோன் சார்ன்லி என்ற சத்திரசிகிச்சை வைத்தியர் 1962ஆம் ஆண்டில் இடுப்பு மூட்டுக்கு வைத்த முறைதான் இன்றைய முறைகளுக்கெல்லாம் தாய். ஆரம்ப காலத்தில் அவர் ஒப்பரேஷன் செய்த 100 பேரில் 7 பேர் அளவுக்குக் கிருமி பிடித்தது. மனிதர் சும்மா இருக்கவில்லை. அறைக்குள் வடிகட்டிய காற்றை விட்டார், வைத்தியர்களின் மூச்சும் உடம்புத் தூசியும் புண்ணில் படாதபடி உடுப்பை மாற்றினார், தையல் முறையை மாற்றினார். 100க்கு 1க்கும் கீழே இறக்கினார். இன்றைக்கும் உலகத்தில் நல்ல வைத்தியசாலைகளில் செயற்கை மூட்டு வைக்கும் 100 பேரில் 1 பேர் அல்லது 2 பேருக்குத்தான் கிருமி பிடிக்கிறது. ஆகவே யாரும் பயந்து ஒப்பரேஷனை மறுக்க வேண்டாம். ஆனால் அந்த ஒருவர் நம் வீட்டு ஆளாக இருந்தால் அவருக்கு அது நூற்றுக்கு நூறு.

பிடிக்கிற கிருமி எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் நம் தோலிலிருந்தும் மூக்கிலிருந்தும்தான். ஸ்கொட்லாந்தில் அபர்டீன் நகரில் அலெக்சாண்டர் ஒக்ஸ்டன் என்ற வைத்தியர் 1880களின் தொடக்கத்தில் சீழை நுணுக்குக்காட்டியில் பார்த்தார். திராட்சைக் குலை மாதிரி உருண்டை உருண்டையாகக் கிருமிகள் தெரிந்தன. குலை என்ற பொருள்பட ஸ்டெபிலோகொக்கஸ் என்று பெயர் வைத்தார். நாங்கள் இன்று அதைக் குலைக் கிருமி என்றே சொல்லுவோம். 100 பேரில் 30 பேர் அளவுக்கு இந்தக் கிருமியின் ஒரு வகையை எந்நேரமும் மூக்கில் வைத்துக்கொண்டு திரிகிறார்கள். அவர்களுக்கு ஒரு வருத்தமும் இருக்காது. தோலுக்கு வெளியே இருக்கிற வரைக்கும் அது சாது. வெட்டுக்காயத்தின் வழியாக உள்ளே போனால்தான் வில்லங்கம்.

சாதாரணச் சதையில் சீழ் வைக்க இந்தக் கிருமி இலட்சக்கணக்கில் வேண்டும். ஆனால் வெளிப்பொருள் ஒன்று அங்கே இருந்தால் கதை வேறு. 1957இல் இங்கிலாந்தில் எலெக், கோனென் என்ற இருவர் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு பட்டுத் தையல் நூல் இருந்தாலே போதும், நூறு கிருமி அளவிலேயே சீழ் வைத்துவிடுகிறது என்று கண்டார்கள். ஒரு நூலுக்கே அப்படி என்றால் உள்ளங்கை அளவு உலோகத்துக்கு எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்க.

இந்த வள்ளங்களைப் பாருங்கள்

ஏன் அப்படி? பதில் இந்தத் துறைமுகத்திலேயே இருக்கிறது. கரையில் கவிழ்த்து வைத்திருக்கும் அந்த வள்ளத்தைப் பாருங்க. மேலே நல்ல பெயின்ட். அடிப்பக்கம் தொட்டுப் பார்த்தால் வழுக்கும், பச்சையாகப் பாசி, அதற்கு மேலே கொட்டலசு என்கிற கூரான சிப்பி ஒட்டியிருக்கும். எந்தப் பொருளைக் கடலில் போட்டாலும் முதலில் கண்ணுக்குத் தெரியாத பற்றீரியாக் கிருமிகள்தான் அதில் வந்து ஒட்டும். ஒட்டியதும் தம்மைச் சுற்றிக் கோந்து மாதிரி ஒரு வழுவழுப்பை உண்டாக்கும். அதற்கு மேலேதான் மற்றதெல்லாம் குடியேறும். மீன்பிடிக்கிற அண்ணன்மாரைக் கேளுங்கள். வெறும் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் அது போகுமா? போகாது. கரைக்கு இழுத்துச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.

செயற்கை மூட்டிலும் இதேதான் நடக்கிறது. கிருமி உலோகத்தில் ஒட்டுகிறது, கோந்து போர்வையைப் போர்த்திக்கொள்கிறது. போர்வைக்குள் போன பிறகு இரத்தத்தில் வருகிற மருந்து அதைச் சரியாக எட்டாது. உள்ளே இருக்கிற கிருமியும் பாதித் தூக்கத்தில் இருப்பதால், வளர்கிற கிருமியைக் கொல்லும் மருந்து அதைக் கொல்லாது. வெளியே மிதக்கிற கிருமியைக் கொல்லும் அளவு மருந்தைப் போல நூறு மடங்கு, சில வேளை ஆயிரம் மடங்கு கொடுத்தாலும் தப்பிவிடும் என்கிறார்கள். அதனால்தான் பெரியம்மாவின் கெப்சியூல் கசிவை மட்டும் கொஞ்ச நாள் நிறுத்தியது, வேரை எடுக்கவில்லை.

1987இல் கிறிஸ்டினா என்ற அமெரிக்க எலும்பு வைத்தியர் இதை ஓர் ஓட்டப் பந்தயம் என்று விளக்கினார். புதிய மூட்டின் மேல் முதலில் போய்ப் பிடிப்பது நம் உடம்பின் திசுவா, கிருமியா என்பதுதான் போட்டி. நமக்கு இது புதிதா என்ன? புதுக் கன்று நட்ட மலையில் தேயிலை முதலில் மூடிவிட்டால் புல் வராது. புல் முந்திக்கொண்டால் தேயிலை மேலே வர எத்தனை வருசம் போராட வேண்டும்!

ஊசிக்குள் இருப்பது என்ன?

இனிப் பெரியம்மா சொன்ன ஊசிகளுக்கு வருவோம். நம் இரத்தத்தில் பிறபொருளெதிரி என்று ஒன்று உண்டு. பிள்ளைகளின் விஞ்ஞானப் புத்தகத்தில் இந்தச் சொல் இருக்கும். கவண் கட்டை மாதிரி, இரண்டு கையும் ஒரு காலும் உள்ள மிக நுண்ணிய பொருள். இரண்டு கையாலும் எதிரியைப் பிடிக்கும். காலைக் காட்டி வெள்ளை அணுக்களை "இங்கே வா" என்று கூப்பிடும். ஒவ்வொரு எதிரிக்கும் ஒவ்வொரு வகை. சாவியும் பூட்டும் போல.

தடுப்பூசி என்பது உடம்புக்கு இதைச் செய்யப் பழக்குவது. பிறபொருளெதிரி ஊசி என்பது வேறு இடத்தில் செய்த பிறபொருளெதிரியைத் தயாராகக் கொடுப்பது. முதலாவது விதைநெல் கொடுப்பது போல, இரண்டாவது சமைத்த சோறு கொடுப்பது போல. சோறு உடனே பசி தீர்க்கும், ஆனால் சில வாரம், சில மாதத்தில் தீர்ந்துவிடும்.

இந்த வழியை 1890இல் ஜேர்மனியில் பேரிங், ஜப்பானியரான கிட்டசாட்டோ இருவரும் கண்டுபிடித்தார்கள். ஏற்பு நோய்க்கும் தொண்டைக்கரப்பன் நோய்க்கும்தான் முதலில். பிறகு குதிரையின் உடம்பில் இதை உண்டாக்கி எடுத்தார்கள். முதலாம் உலகப் போரில் 1914 கடைசியில் இருந்து காயப்பட்ட பிரித்தானியச் சிப்பாய்களுக்கு இந்த ஊசியை முன்கூட்டியே போட்டார்கள். சேற்றுக் காயத்தில் ஏற்பு வந்து சாவது மளமளவென்று குறைந்தது. காயத்துக்கு வரும் ஒரு பற்றீரியா நோயைப் பிறபொருளெதிரி கொடுத்துத் தடுக்க முடியும் என்பதற்கு அதுவே பெரிய சாட்சி.

பாம்புக்கடி ஊசியும் அதே வழிதான். நம் நாட்டு வைத்தியசாலைகளில் போடுவது இந்தியாவில் குதிரைகளைக் கொண்டு செய்து வருகிறது. சென்னைக்குத் தெற்கே இருளர் சமூகத்தார் 1978இல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கம் பாம்பு பிடித்து, விசம் எடுத்து, பாம்பைத் திரும்பக் காட்டில் விடுகிறது. அந்த விசம்தான் மருந்து செய்யப் போகிறது. இதில் கவனிக்க ஒன்று உண்டு. நம் பக்கத்தில் காணப்படும் மூக்கு மேல்நோக்கி வளைந்த சின்ன விரியனின் விசத்துக்கு இந்த ஊசி வேலை செய்யாது. சாவி வேறு, பூட்டு வேறு.

தாய்மாருக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். கர்ப்ப காலத்தில் ஏற்பூசி போடுகிறார்களே, அது ஏன்? தாயின் உடம்பில் உண்டாகும் பிறபொருளெதிரி தொப்புள்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போய், பிறந்த பிள்ளைக்கு ஏற்பு வராமல் காக்கிறது. தாயே பிள்ளைக்குக் காவல் ஊசி போடுகிறாள். இலங்கை உட்பட நம் பிராந்தியம் முழுவதிலும் தாய்க்கும் சிசுவுக்கும் வரும் ஏற்பு நோய் ஒழிக்கப்பட்டதாக உலக சுகாதார அமைப்பு 2016இல் அறிவித்தது.

அப்படியானால் மூட்டுக்கு ஏன் இல்லை?

இவ்வளவு இருக்கும்போது குலைக் கிருமிக்கு மட்டும் ஏன் முடியவில்லை? மூன்று காரணம் விளங்கியது.

முதலாவது, ஏற்பு நோயில் ஆளைக் கொல்வது கிருமி விடுகிற ஒரே ஒரு விசம். பாம்புக்கும் விசம். விசத்தைப் பிடித்துக் கட்டிவிட்டால் காரியம் முடிந்தது. குலைக் கிருமியிடம் ஒரு விசம் அல்ல, பல ஆயுதம் இருக்கிறது. ஒன்றைக் கட்டினால் மற்றதை எடுக்கும்.

இரண்டாவது, அது பழைய ஆள். பிறந்த நாள் முதல் நம் தோலில் வாழ்ந்து நம்மை நன்றாகப் படித்து வைத்திருக்கிறது. தன் மேலே ஒரு புரதத்தை வைத்துக்கொண்டு, பிறபொருளெதிரியின் கைக்குப் பதிலாகக் காலைப் பிடித்துக்கொள்ளும். கவ்வாத்துக் கத்தியின் பிடியை எதிரி பிடித்துக்கொண்டால் நாம் என்ன செய்வது? அது மாதிரி. காலைப் பிடித்துவிட்டதால் வெள்ளை அணுவைக் கூப்பிட முடியாது.

மூன்றாவது, முன்னே சொன்ன கோந்துப் போர்வை.

பெரிய பெரிய கம்பெனிகள் முயன்று பார்த்தன. மேர்க் என்ற கம்பெனி இந்தக் கிருமிக்கு ஒரு தடுப்பூசி செய்து, இருதய ஒப்பரேஷனுக்கு வந்த 8000 பேருக்கு மேல் சோதித்தது. 2011இல் இடையிலேயே நிறுத்தினார்கள். பயன் இல்லாதது மட்டுமல்ல. ஊசி போட்டும் அந்தக் கிருமி பிடித்தவர்கள், ஊசி போடாமல் பிடித்தவர்களை விட அதிகமாக இறந்தார்கள். ஃபைசர் கம்பெனி முதுகெலும்பு ஒப்பரேஷன் செய்பவர்களிடம் வேறொரு தடுப்பூசியைச் சோதித்தது. ஆபத்து ஒன்றும் இல்லை, ஆனால் காக்கவும் இல்லை. 2018 டிசம்பரில் நிறுத்தினார்கள்.

தடுப்பூசி வேண்டாம், தயார் பிறபொருளெதிரியையே கொடுப்போம் என்று வேறு சிலர் முயன்றார்கள். ஒரே வகைப் பிறபொருளெதிரியை அளவில்லாமல் உண்டாக்கும் வழியை 1975இல் கேம்பிரிட்ஜ் நகரில் கோலர், மில்ஸ்டைன் இருவரும் கண்டுபிடித்திருந்தார்கள். அந்த வழியில் குலைக் கிருமியின் ஒரு விசத்துக்குச் செய்த மருந்தை, மூச்சு இயந்திரத்தில் இருந்த நோயாளிகளிடம் சோதித்த முடிவு 2021இல் வெளிவந்தது. மருந்து பெற்றவர்களில் 100க்கு 18 பேருக்கும், பெறாதவர்களில் 100க்கு 26 பேருக்கும் நியூமோனியா வந்தது. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் சோதிக்கப்பட்டவர்கள் சுமார் இருநூறு பேர்தான். அவ்வளவு சிறிய தொகையில் இந்த வித்தியாசம் தற்செயலாகவும் வரலாம் என்பதால் வெற்றி என்று ஒப்புக்கொள்ளவில்லை.

மூட்டு விசயத்திலேயே நேராக வேலை செய்கிறவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் ஸ்வார்ஸ் என்பவரின் குழு எலும்பில் கிருமி பிடித்தவர்களின் இரத்தத்தை ஆராய்ந்தது. எல்லாப் பிறபொருளெதிரியும் நல்லது செய்வதில்லை என்று கண்டார்கள். மேர்க் தடுப்பூசி உண்டாக்கிய வகை, கிருமியை வெள்ளை அணுவோடு ஒட்டவைத்து உடம்பின் வேறு இடங்களுக்குச் சுமந்து போக வழி செய்கிறது. ஆட்டின் மயிரில் ஒட்டிக்கொண்டு ஊர் சுற்றும் ஒட்டுப்புல் மாதிரி. வேறொரு வகை நல்லது செய்கிறது. கிருமி இரண்டாகப் பிரியும்போது கத்தரிக்கோல் போல ஒரு பொருளைப் பயன்படுத்தும். அந்தக் கத்தரியைப் பிடித்துக்கொள்ளும் பிறபொருளெதிரியை எலிகளுக்குக் கொடுத்தபோது கிருமிகள் பிரிய முடியாமல் கட்டியாகிப் போயின, எலும்பில் நோய் குறைந்தது.

இன்னொரு குழு கோந்துப் போர்வையையே குறி வைத்திருக்கிறது. போர்வைக்குள் கூரைக் கம்பு மாதிரித் தாங்கி நிற்கும் புரதங்கள் உண்டு. அதைப் பிடுங்கும் ஒரு பிறபொருளெதிரி மனித இரத்த அணுவிலிருந்து எடுக்கப்பட்டிருக்கிறது. அமெரிக்காவில் செயற்கை மூட்டில் கிருமி பிடித்த சிலருக்கு அதை முதற்கட்டமாகக் கொடுத்துச் சோதித்திருக்கிறார்கள். கூரை சரிந்தால் உள்ளே இருக்கும் கிருமி வெளியே வரும், அப்போது மருந்தும் வெள்ளை அணுவும் அதைப் பிடிக்கும் என்பது எண்ணம். முதற்கட்டம் என்றால் முதற்கட்டம்தான். கடைக்கு வர இன்னும் தூரம் இருக்கிறது.

ஆகவே பெரியம்மா, உங்கள் கேள்விக்குப் பதில் இது: மூட்டுக்கான காவல் ஊசி இன்றைக்கு உலகத்தில் எந்த வைத்தியசாலையிலும் இல்லை. தேடுகிறார்கள். வந்தாலும் அது கிருமி ஒட்ட முன்னர் போடுகிற ஊசியாகத்தான் அதிகம் உதவும்.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறோம் என்றால், நாளைக்கு யாராவது "வெளிநாட்டு எதிர்ப்புச் சக்தி ஊசி, மூட்டுக்கு நல்லது" என்று விற்க வருவார்கள். நகையை அடகு வைத்து ஏமாறாதீர்கள். நம் நாட்டிலேயே 2023இல் பிறபொருளெதிரி மருந்தான இம்யூனோகுளோபுலின் தரமற்றதாக வைத்தியசாலைகளுக்கு வந்த விசயம் வெளிப்பட்டு, கைதும் வழக்குமாகப் போனதைப் பத்திரிகையில் பார்த்தீர்கள். வார்ட்டுக்குள்ளேயே அப்படி நடக்கலாம் என்றால் வாசலில் வருகிறவனை நம்பலாமா?

காவல் நம் கையில்

ஊசி இல்லை என்பதால் காவலே இல்லை என்று அர்த்தம் அல்ல. வள்ளத்தைத் தண்ணீரில் இறக்க முன்னர்தானே பெயின்ட் அடிக்கிறார்கள்? நமக்கும் முக்கியமான காவல் ஒப்பரேஷனுக்கு முன்னரும் அடுத்த சில வாரங்களிலும்தான்.

முன்னர் செய்ய வேண்டியவை. சீனி வருத்தம் உள்ளவர்கள் சீனி அளவைக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகே ஒப்பரேஷன். சொத்தைப் பல், பல்லில் சீழ் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். காலில் புண், விரலிடுக்கில் சேற்றுப்புண், அட்டை கடித்துச் சொறிந்த காயம் எதுவானாலும் மறைக்காமல் வைத்தியரிடம் காட்ட வேண்டும். "ஒப்பரேஷனைத் தள்ளிப் போட்டுருவாங்க" என்று மறைக்கிறார்கள். தள்ளிப் போனால் ஒரு மாதம், மறைத்தால் ஒரு கால். முழங்கால் முடியை வீட்டில் பிளேட்டால் மழிக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத கீறலில் கிருமி குடியேறும். புகை, புகையிலை போட்ட வெற்றிலை இரண்டையும் நிறுத்துங்கள். புண் ஆறுவதை அவை தாமதிக்கும்.

மூக்கில் குலைக் கிருமி இருக்கிறதா என்று பார்த்து மருந்து பூசும் வழக்கம் சில இடங்களில் உண்டு. நெதர்லாந்தில் நடந்த ஓர் ஆய்வு 2010இல் வெளிவந்தது. கிருமி இருந்தவர்களுக்கு மூக்கில் களிம்பும் உடம்புக்குக் கிருமிநாசினிச் சவர்க்காரமும் கொடுத்தபோது, அந்தக் கிருமியால் நோய் வந்தவர்கள் 100க்கு 8 பேர் அளவிலிருந்து 3 பேர் அளவுக்குக் குறைந்தார்கள். களிம்பும் சவர்க்காரமும்தான்! இது உங்களுக்குத் தேவையா என்று கிளினிக்கில் கேளுங்கள். கேட்பது தப்பில்லை.

பின்னர் கவனிக்க வேண்டியவை. வைத்தியர் சொல்லும் வரை கட்டைப் பிரிக்காதீர்கள், நனைக்காதீர்கள். சீலைத் துணி, பச்சிலை, மஞ்சள், எண்ணெய் எதுவும் புண்ணில் வேண்டாம். தைலம் போட்டு நீவ வேண்டாம். கன்னியாத் தண்ணீர் புண்ணியத் தண்ணீர்தான், ஆனால் எல்லோரும் குளிக்கிற தண்ணீர். தையல் புண் முழுதாக ஆறும் வரை அதையும் ஊற்ற வேண்டாம்.

இப்போது சொல்வதை மனப்பாடம் பண்ணுங்கள். புண்ணில் கசிவு வந்தால், சிவந்து சூடாக இருந்தால், வீக்கம் கூடினால், காய்ச்சல் வந்தால், குறைந்துகொண்டு வந்த நோவு மறுபடி ஏறினால், கிளினிக் தேதியைப் பார்க்காதீர்கள். அன்றைக்கே, பிந்தினால் மறுநாள் காலையில், ஒப்பரேஷன் செய்த வைத்தியசாலைக்குப் போங்கள். அறிகுறி தொடங்கி மூன்று வாரத்துக்குள் போனால் திறந்து கழுவி, மூட்டை எடுக்காமலே காப்பாற்றும் வாய்ப்பு உண்டு. பிந்தினால் பெரும்பாலும் மூட்டை எடுக்கத்தான் வேண்டும். போகுமுன் கடையில் வாங்கி அன்டிபயோட்டிக் போடாதீர்கள். அரைகுறை மருந்து கிருமியை மறைத்துவிடும், மூட்டு நீரை எடுத்துச் சோதித்தாலும் எந்தக் கிருமி என்று தெரியாது. நடுக்கத்தோடு கடும் காய்ச்சல், மயக்கம் என்றால் 1990க்கு அழையுங்கள். அம்புலன்ஸ் வரும், காசு இல்லை.

இது ஒரு மாதத்தோடு முடிகிற காவலும் அல்ல. வருசக் கணக்குக்குப் பிறகும் பல்லிலோ காலிலோ பிடித்த கிருமி இரத்தம் வழியாக மூட்டுக்கு வரலாம். செயற்கை மூட்டு உள்ளவர்கள் எந்த வைத்தியரிடம் போனாலும் முதலில் அதைச் சொல்லுங்கள்.

எங்கள் பங்கையும் சொல்லிவிடுகிறோம். இனி நம் பகுதியில் மூட்டு ஒப்பரேஷன் செய்து வீடு வருகிற ஒவ்வொருவரையும் நாங்கள் முதல் ஆறு வாரமும் வாரம் ஒரு தடவை வந்து பார்ப்போம். புண்ணைப் பார்த்து "சரியாகிடும்" என்று சொல்ல மாட்டோம். அதைச் சொல்வது வைத்தியரின் வேலை. வைத்தியசாலைக்குப் போக வாகனம் பிடித்துத் தருவது எங்கள் வேலை. பிந்திய இரவானாலும் கதவைத் தட்டுங்கள்.

பெரியம்மாவின் இடது முழங்காலுக்கு அடுத்த வருசம் ஒப்பரேஷன் என்று சொல்லியிருக்கிறார்கள். பயமா என்று பஸ்ஸில் கேட்டோம். "இந்தத் தடவை எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும், அப்புறம் என்ன பயம்" என்றார். காவல் ஊசி வருகிற வரைக்கும் நம்மிடம் இருக்கிற காவல் அந்தத் தெரிதல்தான்.

சாப்பாடு வந்துவிட்டது. முதியவர்களை முதலில் உட்கார வையுங்கள். பெரியம்மாவுக்குக் கால் நீட்ட இடம் விட்டு வையுங்கள்.